சிட்னிச் சகோதரி சொன்ன நன்றி

கனடாவின் மத்திய தேர்தலுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நான் இதை எழுதுவது சிட்னியில், கிரவீனில், எங்கள் வீட்டுக் குசினி மேசையில் இருந்துகொண்டு. அந்தத் தேர்தலில் எனக்கு வாக்கில்லை. ஆனால் ஒரு வருடமாக அந்த நாட்டு அரசியலோடுதான் படுத்தெழும்புகிறேன். எந்தத் தொகுதியில் யார் நிற்கிறார், எந்தத் தெருவோடு எந்தத் தொகுதி முடிகிறது, யார் எந்தக் கட்சியிலிருந்து எந்தக் கட்சிக்குத் தாவினார், எல்லாம் நித்திரையில் கேட்டாலும் சொல்வேன்.

அரசியல் படித்துப் பட்டம் வாங்கியவளுக்கு இருக்கிற நாட்டு அரசியல் போதாதா என்று அம்மா கேட்பார். போதாது. இங்கே வாக்களிக்காவிட்டால் தண்டம் வரும் என்பதற்காகச் சனம் வாக்குச்சாவடி வைத்த பள்ளிக்கூடத்துக்குப் போய், வரிசையில் நின்று, பாணுக்குள் வைத்த சொசேஜைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வருகிறது. கனடா அப்படியில்லை என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் பாதி அங்கேதான். எங்கள் ஆட்கள் வேட்பாளராக நிற்கிறார்கள், வெல்கிறார்கள், வேட்டி கட்டிக்கொண்டு பாராளுமன்றப் படியில் படம் எடுக்கிறார்கள். ஒரு சிறு சமூகம் தன் வாக்கை வைத்து எதையாவது சாதிக்கலாம் என்பதற்கு உதாரணமாகப் பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டுரைகூட எழுதினேன். நல்ல புள்ளி கிடைத்தது. இப்போது அதை எடுத்துப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது.

எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு அக்கா வாடகைக்கு இருக்கிறார். சொந்த அக்கா இல்லை, ஆனால் ஆறு வருடமாக ஒரே குசினி. முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை. கப்பலில் வந்தவர். அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள், திருப்பியும் அனுப்பவில்லை. ஒரு முடிவு வரும்வரை இருக்கவிடுகிற பிரிட்ஜிங் விசாவில் வருடங்கள் போகின்றன. அந்த விசாவோடு வெளியே போனால் திரும்பி உள்ளே வரமுடியாது.

அவருடைய கணவரை நான் அத்தான் என்பேன். அவர் ரொறன்ரோவில், நிரந்தர வதிவிடம் கிடைத்தவர். இங்கே வந்து மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் அக்காவுக்குத் தாலி கட்டி, மூன்று கிழமை எங்கள் வீட்டில் இருந்துவிட்டுப் போய், அக்காவைக் கனடாவுக்குக் கூப்பிட ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டார். போட்டு மூன்று வருடமும் ஐந்து மாதமும் ஆகிறது. பாதுகாப்புச் சோதனை நடக்கிறது என்கிறார்கள். முதியவர்களுக்குக் கிழங்கு மசித்துக் கொடுக்கிற மனிசியிடமிருந்து கனடாவுக்கு என்ன பாதுகாப்பு வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. மருத்துவச் சோதனை ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். இரண்டு தரம் செய்தாயிற்று, இரண்டாவதும் முடியப்போகிறது. அக்காவுக்கு முப்பத்தொன்பது வயது. அவருக்கு ஒரு பிள்ளை வேண்டும். அதற்கு மேல் கனடாவைப் பற்றி அவருக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது.

எனக்கு இருந்தது. வண்டி வண்டியாக இருந்தது. இரவுச் சாப்பாட்டில் அக்காவுக்கு வகுப்பு எடுப்பேன். இன்ன கட்சி வந்தால் குடும்ப விண்ணப்பங்கள் வேகமாகும், இன்ன கட்சி வந்தால் தாமதமாகும். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டு, "அப்ப உவையள் வந்தால் நல்லமோ தங்கச்சி?" என்று கேட்பார். "ஓம் அக்கா" என்பேன். பிறகு உவையளும் வாய் திறந்தார்கள். வீடு கிடைக்கவில்லையா, குடிவந்தவர்களால். வைத்தியசாலையில் காத்திருக்கவேண்டுமா, குடிவந்தவர்களால். ஒருவர் குறைப்பேன் என்றால் மற்றவர் அதைவிடக் குறைப்பேன் என்றார். மீன்சந்தையில் விலை குறைப்பதைப்போல ஆட்களைக் குறைத்தார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு அடுத்த நாள் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்று, அகப்பையைத் துடுப்பு மாதிரிப் பிடித்துக்கொண்டு, வணக்கம் சொன்னார்கள். எங்கள் சனம் கைதட்டியது. பொன்னாடை போர்த்தியது.

அத்தானுக்கு வாக்கில்லை, நிரந்தர வதிவிடக்காரருக்கு மத்திய தேர்தலில் வாக்கு இல்லை. ஆனால் அந்தத் தேர்தலுக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. தொகுதியில் கட்சிக்கு யார் வேட்பாளர் என்பதைக் கட்சி உறுப்பினர்கள் கூடித் தெரிவு செய்வார்கள். அதற்குக் குடியுரிமை வேண்டாம். அந்த ஊரில் இருந்தால் போதும். இந்த ஓட்டையை எங்கள் ஆட்கள் கண்டுபிடித்து எத்தனையோ காலம். எங்கள் சனம் வாடகைக்கு இருக்கிற பேஸ்மெண்ட் பேஸ்மெண்டாக இறங்கி உறுப்பினர் சேர்ப்பார்கள். அத்தானிடமும் இரண்டு பேர் வந்தார்கள்.

"அண்ணை, ஒரு கையெழுத்து. எங்கட ஆள் உள்ளுக்குப் போனால் உங்கட ஃபைலை எடுத்துப் பார்ப்பார்."

அத்தான் பேக்கரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கலியாண மண்டபமொன்றின் கார் தரிப்பிடத்தில், பனியில், மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்று எங்கட ஆளுக்கு வாக்குப் போட்டார். வரிசையில் நின்றபடி எடுத்த படத்தை அக்காவுக்கு அனுப்பினார். மூக்கு மட்டும் தெரிகிற படம். அக்கா அதை விசா வந்தது மாதிரி எனக்குக் காட்டினார். எங்கட ஆள் வேட்பாளரானார்.

எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றக் கட்சிக்காரர் சந்தோஷப்படுவார்கள், அதற்கு அவர்களுக்கும் தகுதியில்லை. வேட்பாளர் வீடு விற்கிற ஏஜென்ட். வீடு விற்றே பெரிய ஆளானவர், வீட்டுத் தட்டுப்பாட்டுக்குக் காரணம் ஆட்கள் அளவுக்குமேல் வந்ததுதான் என்று துண்டுப்பிரசுரம் அடித்தார். அதில் அவர் பல் தெரியச் சிரிக்கிறார்.

அவருடைய பிரசாரத்தில் மகளிர் அணிக்குப் பொறுப்பு என் பெரியம்மா. அம்மாவின் மூத்த சகோதரி. சனிக்கிழமை காலையில் எங்களுக்குப் பத்து மணி, அவர்களுக்கு வெள்ளி இரவு எட்டு. அந்த நேரத்துக்குத்தான் ஃபோன் எடுப்பார். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பார், ஃபோன் உப்புப் போத்தலில் சாய்ந்திருக்கும், ஸ்பீக்கரில் பெரியம்மா.

"எங்கட ஆள் வெல்லுவான் பிள்ளை. ஆனால் வாசல் வாசலாய்ப் போனால் சனம் ஒண்டைத்தான் கேக்குது. இந்த வந்து குவியிறதுகளை நிப்பாட்டுவியளோ எண்டு."

"ஆர் பெரியம்மா குவியிறது?"

"இப்ப வாறதுகள்தான். படிக்க எண்டு வந்து ஒரு பேஸ்மெண்டில பத்துப் பேர். பஸ்ஸில ஏற ஏலாது. டொக்டரைப் பார்க்க ஏலாது. கொஞ்சக் காலத்துக்குக் கதவைச் சாத்தத்தான் வேணும்."

"நீங்கள் வந்த புதுசில பேஸ்மெண்டில எத்தனை பேர் இருந்தனீங்கள்?"

"அது வேற."

"எத்தனை பேர்?"

"பதினொரு பேர். ஆனால் நாங்கள் சத்தம் போடாமல் இருந்தனாங்கள்."

அம்மா வெங்காயத்தை விட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியம்மா வேறொருத்தியின் பாஸ்போர்ட்டில், வேறொருத்தியின் பெயரில் விமானம் ஏறி வந்தவர். அதை ஒவ்வொரு கலியாண வீட்டிலும் வீரக்கதையாகச் சொல்வார். அந்த விமானத்தின் கதவைத் தனக்குப் பின்னால் தானே இழுத்துச் சாத்திவிட்டு வந்தது போல்தான் இப்போது கதைக்கிறார்.

"அப்ப எங்கட அக்காவின்ரை கேஸ்?" என்று கேட்டேன்.

"அது குடும்பம். அது வேற. உங்களுக்கு ஞாயிறு காலமை ஸூமில எங்கட ஆளோட உலகத் தமிழ் உறவுகள் சந்திப்பு வைக்கிறம். அவவைக் கேள்வி கேக்கச் சொல்லு. நான்தானே நடத்திறன், நேரம் தாறன்."

நான் துள்ளிக்கொண்டு பின்னறைக்கு ஓடினேன்.

அக்கா தன் கேள்வியைத் தானே எழுதியிருந்தார், வேலை அட்டவணைத் தாளின் பின்பக்கத்தில், மூன்று வரி. என் கணவர் உங்களுக்காக வரிசையில் நின்றவர். எங்கள் விண்ணப்பம் மூன்று வருடத்துக்கு மேலாகப் பாதுகாப்புச் சோதனையில் இருக்கிறது. அது எங்கே நிற்கிறது என்று விசாரித்துச் சொல்வீர்களா?

இதை நான் திருத்தினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. வேட்பாளரைப் பார்த்து எடுத்த எடுப்பில் என் ஃபைல் எங்கே என்று கேட்டால் மரியாதையில்லை என்று எனக்குப் பட்டது. எங்கள் கூட்டங்களில் ஒருவர் தண்ணீர் கேட்பதென்றாலும் முதலில் தலைவருக்கும் சபைக்கும் நன்றி சொல்லித்தானே கேட்பார். நானும் அப்படியே வளர்ந்தவள், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பேச்சுப் போட்டிக் கிண்ணம் வாங்கியவள். முதல் பந்தியில் நன்றி: புலம்பெயர்ந்த தமிழருக்கு ஆற்றும் அளப்பரிய சேவை, சிட்னி வாழ் உறவுகளின் நெஞ்சார்ந்த வாழ்த்து, உங்களைப் போன்றவர்கள் பாராளுமன்றம் போனால்தான் எங்களுக்கு விடிவு. இரண்டாம் பந்தியில் குடும்ப மீளிணைவுக் கொள்கை பற்றி என் பட்டப்படிப்பு முழுவதும். மூன்றாம் பந்தியின் கடைசியில் அக்காவின் ஃபைல்.

அக்கா வாசித்துப் பார்த்தார்.

"இதில நான் எங்கை தங்கச்சி?"

"பின்னுக்கு வாறீங்கள் அக்கா."

"முன்னுக்குப் போடேலாதோ?"

"நன்றி சொல்லாமல் எப்பிடிக் கேக்கிறது?"

அவர் தலையாட்டினார். படித்த பிள்ளை சொல்கிறது என்று நம்பினார்.

ஞாயிறு காலை அக்கா சேலை கட்டிக்கொண்டு என் லாப்டொப் முன்னால் இருந்தார். ஸூம் கூட்டம் ஒரு மணித்தியாலம். யாரோ ஒருவர் தன் வீட்டுச் சாமியறையில் குத்துவிளக்கேற்றினார், ஏற்றி முடியும்வரை அவருடைய காற்சட்டையின் பின்பக்கத்தை உலகத் தமிழர் எல்லோரும் பார்த்தோம். போரில் மாண்டவர்களுக்கு அகவணக்கம். கனடா மண்ணின் பூர்வகுடிகளுக்கு நன்றி. வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, மூன்று வாழ்த்துரை. ஒரு வாழ்த்துரைக்காரர் மைக்கை நிறுத்திவைத்துக்கொண்டே முழுவதையும் பேசிவிட்டு, திரும்ப முதலிலிருந்து பேசினார். பெரியம்மா வேட்பாளருக்குப் பக்கத்திலிருந்து எழும்பிப் பொன்னாடை போர்த்த, அது மைக்கை மூடி, கொஞ்ச நேரம் துணி உரசும் சத்தம்தான் கேட்டது. அத்தான் ஒரு சிறு சதுரத்தில், பேக்கரித் தொப்பியோடு, அசையாமல் இருந்தார்.

கேள்வி நேரம் வந்தபோது எட்டு நிமிடம் மிச்சம். அக்காதான் மூன்றாவது ஆள். முதல் பந்தியை வாசித்தார். வேட்பாளர் நெஞ்சில் கைவைத்துக் கும்பிட்டார். அக்கா இரண்டாம் பந்தியின் நடுவில் ஒரு நீளச் சொல்லில் தடக்கி, திரும்பவும் தொடங்கினார்.

"மிக்க நன்றி சகோதரி," என்றார் பெரியம்மா. "நேரம் போதாது. நல்ல கேள்வி, ஐயா பதில் சொல்லுவார்."

ஐயா பதில் சொன்னார். குடும்பம்தான் தமிழரின் அத்திவாரம் என்றார். நன்றியுரைக்கு ஒருவர் வந்தார். படம் எடுக்க எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார், மூன்றாம் பந்தி கையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்தக் காணொளி வந்தது. அரை நிமிடம்கூட இல்லை. பின்னால் புல்லாங்குழல். "சிட்னியிலிருந்து ஒரு சகோதரியின் குரல்" என்று மேலே எழுத்து. அக்காவின் முகம். நெஞ்சார்ந்த நன்றி, உங்களைப் போன்றவர்கள் போனால்தான் எங்களுக்கு விடிவு. முடிந்தது. கீழே கட்சிச் சின்னம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் பெரியம்மா போட்டிருந்தார், அதற்குள் அது எத்தனையோ குறூப் சுற்றிவிட்டது. மற்றக் கட்சிக்காரரின் பதில்களையும் வாசித்தேன். வோட்டில்லாதவைக்கு எங்கட தேர்தலில என்ன வேலை. சிட்னியில காசுக்கு ஆள் பிடிச்சிட்டாங்கள். கடைசியில் ஒருவர்: இவ கப்பல்ல வந்தவவெல்லோ, இவவுக்கு விசா இருக்கோ?

அத்தான் அக்காவுக்கு ஃபோன் எடுத்தார். அக்கா குசினியில் நின்று கதைத்தார், நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"ஆர் உனக்கு இதை எழுதித் தந்தது?"

"நான்தான் எழுதினனான்."

"பொய் சொல்லாதை. அளப்பரிய எண்டு நீ உன்ரை சீவியத்தில சொன்னதில்லை. பாதுகாப்புச் சோதனையில ஃபைல் கிடக்குது. கட்சிக்காரியெண்டு ஒருத்தன் நினைச்சானெண்டால்?"

நான் ஃபோனை வாங்கி, நான்தான் எழுதியது என்று சொன்னேன். அவர், "சரி பிள்ளை," என்றார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பெரியம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். காணொளியை எடுத்துவிடச் சொன்னேன், காரணத்தையும் சொன்னேன்.

"எவ்வளவு வடிவாய்க் கதைச்சிருக்கிறா. ஏன் எடுக்கிறது?"

"அவவைக் கேக்காமல் போட்டியள்."

"கூட்டத்தில கதைச்சால் போடுறதுதானே. எங்கட ஆளுக்கு இப்ப அவவின்ரை முகம் தெரியும், அது எவ்வளவு நல்லது. வோட்டு முடியட்டும், எடுப்பம்."

அடுத்த நாள் அத்தான் வேலை முடிந்து நேரே பிரசார அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அங்கிருந்த பெடியள் தேத்தண்ணி கொடுத்து, காணொளிக்கு நன்றி சொல்லி, வீட்டு முன் புல்லில் நட வேட்பாளரின் பெயர்ப் பலகையொன்றையும் கையில் கொடுத்துவிட்டார்கள். "தம்பி, நான் பேஸ்மெண்டில இருக்கிறன். எனக்குப் புல்லில்லை" என்றாராம். அவர்கள் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்களாம். பலகையோடு பஸ்ஸில் திரும்பி வந்ததை அத்தான் சொன்னபோது அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "உம்மட ஃபோனைத் தாரும்" என்றார். வழக்கமாக என்னை நீ என்பவர்.

குடும்பக் குறூப்பைத் திறந்து குரல்பதிவு அழுத்தி, நின்றபடியே பேசினார்.

"வணக்கம் அன்ரி. நான் கிரவீனில பின்னறையில இருக்கிறவ. நான் உங்கட ஆளுக்கு வோட்டுக் கேக்க வந்தனான் இல்லை. என்ரை மனிசன் அவருக்காகப் பனியில நிண்டவர். எங்கட ஃபைல் எங்கை நிக்குது எண்டு கேக்க வந்தனான். அதை நீங்கள் கேக்க விடேல்லை. நன்றி சொன்னதை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறியள். அந்த நன்றியைத் திருப்பித் தாங்கோ. நான் இன்னும் ஒண்டுக்கும் நன்றி சொல்லுற நிலைமையில இல்லை."

ஃபோனைத் தந்துவிட்டுக் கழுவக் கிடந்த சட்டியைக் கழுவப் போனார்.

அந்தக் குரல்பதிவை யாரோ ஒரு மச்சான் வெளியே அனுப்பிவிட்டான். மற்றக் கட்சிக்காரர் அதையும் ஓடவிடத் தொடங்கினார்கள், தாங்களும் கதவைச் சாத்தப்போகிறவர்கள் என்பதை மறந்து. ஒரு மணித்தியாலத்துக்குள் காணொளி காணாமல் போனது. நாங்கள் கெஞ்சியபோது எடுக்கமுடியாத ஒன்றை, வாக்குக் குறையும் என்றதும் எடுத்துவிட்டார்கள். வேட்பாளரின் அலுவலகத்திலிருந்து அத்தானுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: உங்கள் விடயம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது. ஃபைல் இலக்கத்தைக் கூடக் கேட்கவில்லை. சனிக்கிழமை பெரியம்மா அம்மாவுக்கு எடுத்து, "உன்ரை மகள் ஊர் பேர் தெரியாததுகளைக் குறூப்பில கதைக்க விட்டு என்ரை மானத்தை வாங்கிப்போட்டாள்" என்றார். ஆறு வருடமாக நாங்கள் ஒரு சட்டியில் சாப்பிடுகிற மனிசியைத்தான் சொல்கிறார்.

யார் வெல்வார்கள் என்று வேலையிடத்தில் கேட்கிறார்கள், நான் சொல்கிற கணக்கு இதுவரை பிழையானதில்லை. தெரியும், சொல்ல விருப்பமில்லை. இரண்டு பக்கமும் ஒரே சவர்க்காரத்தை வேறு வேறு கடதாசியில் சுற்றி விற்கிறார்கள். எங்கள் சனம் கடதாசியின் நிறத்துக்காகக் கலியாண வீட்டில் கதிரையைத் தூக்கிக்கொண்டு அடிபடுகிறது. அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஒரு பெண் தன் வாயால் நேரே கேட்கக்கூடிய மூன்று வரிக்கு மேல் நன்றியைப் பூசி மெழுகியது நான். அவர்களுக்கு வெட்டத் துணி கொடுத்தவள் நான். என் மீது வருகிற அருவருப்பை வேட்பாளர் மீது தள்ளப் பார்க்கிறேன், முழுவதும் போகமாட்டேன் என்கிறது.

நேற்று மத்தியானம் அக்கா வந்து மேசையில் எனக்கு எதிரே இருந்தார்.

"அந்தக் கந்தோருக்கு எழுதவேணும். ஆளுக்கில்லை, கந்தோருக்கு. நான் சொல்லுறன், நீ இங்கிலீசில அடி."

கனடாவின் குடிவரவுத் திணைக்களத்தின் பக்கத்தைத் திறந்தேன். அவர் சொன்னார்: விண்ணப்ப இலக்கம். போட்ட திகதி. இரண்டாவது மருத்துவச் சோதனை வருகிற மாதம் முடிகிறது. மூன்றாவது தரம் செய்யவேண்டுமா, எப்போது முடிவு வரும். எனக்கு வயது முப்பத்தொன்பது, எங்களுக்குப் பிள்ளை வேண்டும்.

கடைசி வரியில் என் விரல் நின்றது. இதை இப்படி எழுதுவதா, கொஞ்சம் நாகரிகமாக, குடும்ப வாழ்வைத் தொடங்கும் எங்கள் விருப்பம் என்று போட்டால் என்ன என்று மனம் ஓடியது. அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன போடப்போறாய்?"

"ஒண்டுமில்லை."

"நான் சொன்னதைப் போடு."

போட்டேன். வாசிக்கச் சொன்னார், தமிழில் திருப்பி வாசித்துக் காட்டினேன். இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார். பிறகு தானே கையை நீட்டி அனுப்புகிற பொத்தானை அழுத்தினார். உடனே ஒரு தானியங்கிப் பதில் வந்தது. அதிக விண்ணப்பங்கள் காரணமாகத் தாமதமாகலாம், உங்கள் செய்தி கிடைத்தது.

"கிடைச்சதெண்டு போட்டிருக்கோ?"

"ஓம் அக்கா."

"சரி," என்று சொல்லிவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பின்னேர வேலைக்குப் போனார்.